பூஜ்ஜியத்தில் தொடங்கிய பணம்

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி இருக்கிறது வான்கூவர் தீவு. அதில் காமாக்ஸ் பள்ளத்தாக்கு என்றொரு வட்டாரம், அதன் பெரிய ஊர் கோர்ட்னி. காட்டு மரம்தான் அந்தப் பக்கத்துக்குச் சோறு போட்ட தொழில். 1980களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் பிடித்தது. வட்டி ஏறியது, வீடு கட்டுவோர் குறைந்தார்கள், மரத்தைக் கேட்க ஆளில்லாமல் போனது. பலருக்கு வேலை போயிற்று.

ஆனால் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஒழுகும் கூரைகள் இருந்தன, கூரை வேய்கிறவர்களும் இருந்தார்கள். பழுதான வண்டியும் இருந்தது, அதைச் சரிசெய்யத் தெரிந்தவரும் இருந்தார். தோட்டத்தில் காய்கறி விளைந்தது, வாங்க வேண்டிய வீடுகள் பக்கத்திலேயே இருந்தன. எல்லாம் இருந்தும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நடுவே நகர வேண்டிய காசு அந்த ஊரை விட்டுப் போய்விட்டிருந்தது.

மைக்கேல் லிண்டன் அங்கே வசித்தார். உடலை எப்படி வைத்துக்கொண்டு நடப்பது, உட்காருவது என்று கற்றுத்தரும் அலெக்சாண்டர் முறையின் ஆசிரியர். அவரிடம் வந்தவர்களுக்கும் கட்டணம் கொடுக்க முடியவில்லை. அவர் கேட்ட கேள்வி மிக எளியது. காசு என்பது யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பதற்கான கணக்குதானே? அந்தக் கணக்கை எழுதத் தலைநகரத்தை எதற்கு எதிர்பார்க்க வேண்டும்? ஊரே எழுதிக்கொள்ளலாமே?

1983இல் ஒரு சிலரோடு சேர்ந்து அந்தக் கணக்கைத் தொடங்கினார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘லெட்ஸ்’ என்றார்கள். உள்ளூர் மாற்று வணிக முறை என்று தமிழில் சொல்லலாம். அதன் அலகுக்குப் பச்சை டாலர் என்று பெயர். நோட்டும் கிடையாது, நாணயமும் கிடையாது. கணினியில் ஒரு பேரேடு, அவ்வளவுதான். எல்லோருடைய கணக்கும் பூஜ்ஜியத்தில் தொடங்கியது.

எப்படி ஓடும் இந்தக் கணக்கு என்பதை ஸ்ரீரங்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம். உத்தர வீதியில் ஒரு மாமி. அவர் வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது. திருவானைக்காவலிலிருந்து பிளம்பர் ஒருவர் வந்து சரிசெய்கிறார். கூலி 300 புள்ளி என்று இருவரும் பேசி முடிக்கிறார்கள். பிளம்பர் கணக்கில் 300 வரவு, மாமி கணக்கில் 300 பற்று. பிளம்பரின் மகள் பிளஸ் டூவில் அக்கவுண்டன்சி படிக்கிறாள். சித்திரை வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அவளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார், அதற்கு 300. இப்போது பிளம்பர் கணக்கு பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிட்டது, அதிகாரிக்கு 300 வரவு. அவர் மாமியிடம் வடுமாங்காயும் பருப்புப்பொடியும் 300 புள்ளிக்கு வாங்குகிறார். அதிகாரி கணக்கும் பூஜ்ஜியம், மாமி கணக்கும் பூஜ்ஜியம்.

மூன்று வேலை முடிந்தது, மூன்று வீட்டில் தேவை தீர்ந்தது. ஒரு ரூபாய் கூட நகரவில்லை. மாமிக்கு அக்கவுண்டன்சி வேண்டாம், பிளம்பருக்கு வடுமாங்காய் வேண்டாம். நேருக்கு நேர் பண்டமாற்று என்றால் இந்த மூன்றில் எதுவுமே நடந்திருக்காது. எனக்கு வேண்டியது உன்னிடமும், உனக்கு வேண்டியது என்னிடமும், அதுவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய முட்டுக்கட்டையைப் பேரேடு அகற்றிவிடுகிறது. எந்த நேரத்தில் கூட்டிப் பார்த்தாலும் எல்லாக் கணக்குகளின் மொத்தமும் பூஜ்ஜியம்தான். ஒருவரின் பற்று இன்னொருவரின் வரவு.

லிண்டன் வைத்த விதிகள் சிலவே. பற்றுக்கு வட்டி கிடையாது. வரவுக்கும் வட்டி கிடையாது, ஆகவே சேர்த்துவைத்துப் பயனில்லை. யாரும் யாரோடும் வியாபாரம் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை மற்ற உறுப்பினர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கடைசி விதிதான் காவல். வாங்கிக்கொண்டே இருந்து எதையும் கொடுக்காதவர் யார் என்பது ஊருக்கே தெரியும் என்றால், அப்படி நடக்கத் துணிபவர் குறைவு.

இந்த எண்ணம் லிண்டனுக்கு மட்டும் வந்ததல்ல. அவருக்குப் பத்தாண்டு முன்பே ஒசாகாவில் டெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தனக்குத் தெரிந்த தையல் வேலையைக் கொடுத்துக் காய்கறி வாங்கிக் குடும்பத்தைக் காத்தவர். பணம் மதிப்பிழந்து கிடந்த அந்த நாட்களில் தன் கையிலிருந்த நேரம் மதிப்பிழக்கவில்லை என்பதைக் கண்டார். 1950இல் இதை ஒரு கட்டுரையாக எழுதிப் போட்டிக்கு அனுப்பிப் பரிசு பெற்றார். 1973இல் அந்த எண்ணம் அமைப்பானது. குழந்தை வளர்க்கும் வயதில் ஒரு பெண்ணுக்கு நேரம் போதவே போதாது, பிள்ளைகள் வளர்ந்தபின் நேரம் மிஞ்சும், முதுமையில் மறுபடி உதவி தேவைப்படும். மிஞ்சும் காலத்தில் கொடுத்து, தேவைப்படும் காலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். உலகின் முதல் நேர வங்கி என்று இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

1980இல் அமெரிக்காவில் எட்கர் கான் என்ற சட்டப் பேராசிரியர் மாரடைப்பில் படுத்தார். பிறர் தயவில் கிடக்க வேண்டியிருந்தது. தானும் எதற்காவது பயன்பட வேண்டுமே என்ற தவிப்பிலிருந்து அவரும் நேரத்தையே நாணயமாக்கும் யோசனைக்கு வந்தார். அவர் முறையில் வக்கீலின் ஒரு மணியும் வீடு துடைப்பவரின் ஒரு மணியும் ஒரே மதிப்பு. லிண்டனின் முறையில் விலையை இருவரும் பேசிக்கொள்ளலாம். இரண்டும் இன்று வரை அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

கோர்ட்னியில் பிறந்தது கடல் தாண்டியது. 1987இல் ஆஸ்திரேலியாவின் மெலேனி என்ற சிற்றூரில் ஜில் ஜோர்டன் அதைத் தொடங்கிவைத்தார். 1990களின் நடுவில் பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கில் இத்தகைய வட்டங்கள் இருந்தன. பிரான்சில் ஆரியேஜ் வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கூரையைச் சரிசெய்த உறுப்பினர்கள் மீது வழக்கே வந்தது. திருட்டுத்தனமாக வேலை செய்தார்கள் என்று 1998இல் கீழ் நீதிமன்றம் தண்டித்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்கள்.

பிறந்த வேகத்திலேயே பல வட்டங்கள் அணைந்தும் போயின. காரணம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். உடம்பு பிடித்துவிடவும் ஓவியம் கற்றுத்தரவும் பத்துப் பேர் இருப்பார்கள், காய்கறி கொடுக்க ஒருவர் இருக்க மாட்டார். பெயர்ப் பட்டியல் ஆறு மாதம் பழையதாகிவிடும். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் உட்கார்ந்து பதிவு செய்யும் தொண்டர் ஒருநாள் களைத்துப்போவார். அவர் இடத்துக்கு வேறு ஆள் வராது.

அந்தக் களைப்புக்கு மருந்து தேடியவரின் கதை தனி. பெயர் டிம் ஜென்கின். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன்காரர், வெள்ளையர். நிறவெறி அரசுக்கு எதிராக ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் துண்டுப் பிரசுரங்களைப் பரப்பியதற்காக 1978இல் 12 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பிரிட்டோரியா சிறையில் காவலரின் இடுப்பில் தொங்கிய சாவிகளைக் கண்ணாலேயே அளந்தார். சிறைப் பட்டறையில் கிடைத்த மரத்தில் ஒவ்வொரு சாவியாகச் செதுக்கினார். ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று பல மாதம் சோதித்தார். 1979 டிசம்பர் 11 அன்று தோழர்கள் இருவருடன் வெளியே நடந்தார். பிற்பாடு, நாட்டுக்குள் மறைந்திருந்த போராளிகளும் வெளிநாட்டில் இருந்த தலைமையும் ரகசியமாகப் பேசிக்கொள்ளக் கணினியும் தொலைபேசியும் இணைந்த ஒரு முறையை உருவாக்கியவரும் அவரே.

விடுதலை வந்தது, வாக்குரிமை வந்தது. வறுமை மட்டும் நிறத்தை விடாமல் பற்றிக்கொண்டு நின்றது. காசில்லாதவனுக்குத் திறமை இருந்தும் சந்தையில் இடமில்லை. 2003இல் ஜென்கின் கேப்டவுனில் ஒரு பரிமாற்ற வட்டத்தைத் தொடங்கினார். அதன் அலகு ‘டேலண்ட்’. லிண்டனின் பேரேட்டை அவர் இணையத்தில் ஏற்றினார். பொருளையோ வேலையையோ கொடுத்தவரே அதைப் பதிந்துவிடலாம். வரவும் பற்றும் தாமாக ஏறும். வேண்டுவோர் பட்டியலும் தருவோர் பட்டியலும் அன்றன்றைக்குப் புதிதாக இருக்கும். சமூகப் பரிமாற்ற அமைப்பு என்ற அந்த மென்பொருளை எந்த ஊரும் எடுத்துத் தன் பெயரில், தன் அலகில் நடத்திக்கொள்ளலாம் என்று திறந்துவைத்தார். அதன்பின் பல நாடுகளில் பரிமாற்ற வட்டங்கள் அந்த மென்பொருளில் முளைத்தன.

பேரேட்டை விட்டு நோட்டுக்குப் போன ஊருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். அர்ஜென்டினாவில் பெர்னால் என்ற இடத்தில் 1995 மே மாதம் அக்கம்பக்கத்தார் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் கூடிப் பண்டமாற்று மன்றம் தொடங்கினார்கள். முதலில் யார் என்ன கொடுத்தார், வாங்கினார் என்று எழுதிவைத்தார்கள். கூட்டம் பெருகியதும் எழுதி மாளவில்லை. ‘கிரெடிட்டோ’ என்று சீட்டு அச்சடித்தார்கள். 2001 இறுதியில் நாட்டின் வங்கிகள் கதவடைத்தபோது இந்த மன்றங்கள்தான் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரியக் காரணமாக இருந்தன. ஆனால் சீட்டு, யார் கை என்று பார்க்காது. கள்ளச்சீட்டு புகுந்தது, அளவுக்கு மீறி அச்சடித்ததும் சேர்ந்தது. மன்றத்தில் மாவு, எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. அடுத்த ஓராண்டில் பெரும்பாலான மன்றங்கள் சரிந்துவிட்டன. சீட்டுக்கு முகம் கிடையாது, பேரேட்டின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பேரின் பெயர் இருக்கிறது. அந்த வேறுபாடு அவர்களுக்கு மிகத் தாமதமாக உறைத்தது.

நம் நாட்டில் இந்தத் தேர்வைச் சட்டமே செய்துவிட்டது. கொண்டுவருபவர் யாரானாலும் கேட்டவுடன் பணம் தரப்படும் என்ற உறுதியோடு தனியார் எவரும் சீட்டு வெளியிடக் கூடாது என்கிறது 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆவது பிரிவு. ஆகவே திருச்சியில் ஆர்வலர் யாராவது வண்ணச்சீட்டு அச்சடிக்கலாம் என்று சொன்னால் அங்கேயே தடுத்துவிட வேண்டும். உறுப்பினருக்குள் எழுதிக்கொள்ளும் கணக்கு வேறு வகை. அதிலும் வியாபாரிகள் சேர்ந்தால் வரி உண்டு. பண்டமாற்றும் வழங்கல்தான் என்று ஜிஎஸ்டி சட்டம் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. பேரேடு என்பது வரியிலிருந்து தப்பிக்கும் வழி என்று எந்தத் தொண்டரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இத்தகைய பேரேடு தமிழருக்குப் புதிதா? இல்லை. மொய் நோட்டு இல்லாத கல்யாண வீடு உண்டா? புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடக்கிறது. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. கறிச்சோறு போட்டு, மொய் வாங்கவே அழைக்கிறார்கள். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதுகிறார்கள். கிடைக்கும் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளையைப் படிக்கவைக்கிறார்கள். மொய் செய்தவர் விருந்து வைக்கும்போது பழைய மொய்யோடு புதிதாகக் கொஞ்சமும் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. பெயர் எழுதிய நோட்டு ஒன்றுதான் சாட்சி. கோர்ட்னியின் பேரேடும் கீரமங்கலத்து நோட்டும் ஒரே நம்பிக்கையில் நிற்பவை.

அதே நேரம், பண்டமாற்று என்றதும் பழையதை எல்லாம் பொற்காலம் என்று கொண்டாடிவிடவும் முடியாது. காவிரிப் படுகையில் களத்துமேட்டில் நெல்லாகக் கூலி அளந்த காலம் இருந்தது. துணி வெளுத்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் பறை அடித்தவருக்கும் அறுவடையில் இத்தனை மரக்கால் என்று பங்கு இருந்தது. அந்த அளவை யார் தீர்மானித்தார்? நிலம் வைத்திருந்தவர். யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை அளந்து வாங்கியவருக்கு இல்லை. ரூபாய் கூலி வந்தபோது அது பலருக்கு விடுதலையாகவே இருந்தது. புதிதாகத் தொடங்கும் எந்த வட்டமும் இதை மறக்கக் கூடாது. தெரு பார்த்து உறுப்பினர் சேர்த்தால், வேலையை வைத்து ஆளை அளந்தால், பழைய களத்துமேடு கணினியில் ஏறியதாகத்தான் ஆகும். விலையைச் சொல்லும் உரிமையும் மறுக்கும் உரிமையும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மட்டுமே இது நியாயமான கணக்கு.

இவற்றையெல்லாம் சொன்னபின் எங்கள் ஊருக்கு வருகிறேன். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இந்தப் பேரேடு எதற்கு? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு முதியவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக, வங்கியில் படிவம் நிரப்ப, மாடியிலிருந்து கீழே இறங்கக் கை கொடுக்க ஆள் வேண்டும். ஜப்பானில் 1990களில் முதியோர் பராமரிப்புக்காக வளர்ந்த நேரக் கணக்கில் ஓர் ஏற்பாடு உண்டு. தூரத்து ஊரில் வசிக்கும் மகன் அங்கே ஒரு முதியவருக்கு உதவிவிட்டு, அந்த மணிநேரத்தைச் சொந்த ஊரில் இருக்கும் தாய்க்கு மாற்றலாம். பெங்களூரில் இருக்கும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இருக்கிறதா?

மறுகரையில் வேறொரு தேவை. திருவெறும்பூர் பெல் ஆலையை நம்பித் துவாக்குடிப் பக்கம் வளர்ந்த பேப்ரிகேஷன் பட்டறைகள் எத்தனையோ. ஆர்டர் குறைந்த ஆண்டுகளில் வெல்டிங் மெஷின் சும்மா கிடக்கும், வெல்டரும் சும்மா இருப்பார். கிரிலும் கேட்டும் ஷெட்டும் தேவைப்படும் வீடுகளும் கடைகளும் சில கிலோமீட்டரில்தான் இருக்கும். இது அப்படியே 1983இன் கோர்ட்னி. சுவிட்சர்லாந்தில் 1934இல், உலகப் பெருமந்தத்தின் நடுவே, வெர்னர் சிம்மர்மேன், பால் என்ஸ் இருவரும் சிறுதொழில் செய்வோருக்காகத் தொடங்கிய ‘வீர்’ என்ற கணக்கு வட்டம் இன்றும் வங்கியாக நடக்கிறது. ஒருவர் பொருளை ஒருவர் வாங்கி, வரவு பற்று எழுதிக்கொள்வதுதான் அதன் அடிப்படையும். உறையூர்க் கைத்தறிக்காரர், மணச்சநல்லூர் அரிசி மில்காரர், துவாக்குடிப் பட்டறைக்காரர், காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரி இவர்களுக்குள் அப்படி ஒரு வட்டம் ஓட எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மென்பொருள் தயாராக இருக்கிறது. ஜென்கின் அதைக் கொடுத்துவிட்டார். வேண்டியது ஆட்கள். தொண்டர் என்ற சொல்லுக்கு இங்கே மேடையும் மைக்கும் தேவையில்லை. வீடு வீடாகப் போய் இரண்டே கேள்வி கேட்க வேண்டும். உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு என்ன வேண்டும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் ‘எனக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது’ என்பார்கள். அங்கேதான் பொறுமை வேண்டும். ஐம்பது வருடம் நாலு பேருக்குச் சமைத்தவருக்கு ஒன்றும் தெரியாதா? பாசுரம் சொல்லித்தரத் தெரிந்தவருக்கு, மாடு கறக்கத் தெரிந்தவருக்கு, தையல் மெஷினின் நூல் அறுபடும் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டே கண்டுபிடிப்பவருக்கு ஒன்றும் தெரியாதா? தன்னிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று ஒருவரை உணரவைப்பதே இந்த வேலையின் பாதி.

மறுபாதி, அணைந்துபோன வட்டங்கள் கற்றுத்தந்த பாடம். அரிசி, காய்கறி, மருந்துக்குத் துணை, குழாய், மின்சாரம் என்று அன்றாடத் தேவைகளைத் தருவோரை முதலில் சேர்க்க வேண்டும். பட்டியலை மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பற்று ஏறிக்கொண்டே போகிறவரிடம் அன்போடு, ஆனால் தயங்காமல் பேச வேண்டும். வரவு தேங்கிக் கிடப்பவருக்குச் செலவழிக்க இடம் காட்ட வேண்டும், ஏனென்றால் தேங்கிய வரவு இன்னொருவரின் வேலையைத் தடுக்கிறது. கணக்கு எழுதும் பொறுப்பு ஒருவர் தலையில் நிற்காமல் சுற்றி வர வேண்டும். எழுதுபவரின் உழைப்புக்கும் அதே பேரேட்டிலிருந்து புள்ளி கொடுக்க வேண்டும்.

மிசுஷிமா, லிண்டன், ஜென்கின் மூவரும் பொருளாதாரப் பேராசிரியர்கள் இல்லை. அரசோ வங்கியோ அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை. போரும் மந்தமும் சிறையும் அவர்களுக்கு ஒரே உண்மையைக் காட்டின. ஊரில் கை இருக்கிறது, தேவை இருக்கிறது, இரண்டையும் சேர்க்கும் கணக்கை யாரோ ஒருவர் தொடங்க வேண்டும். ஒசாகாவில் ஒரு பெண் தொடங்கினார். கோர்ட்னியில் ஒரு சிலர் தொடங்கினார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவில் இருபது குடும்பங்கள் சம்மதித்தால் போதும். ஒரு மாதத்துக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கலாம். ஓடினால் மென்பொருளுக்குப் போகலாம். ஓடாவிட்டால் எந்தத் தேவை விட்டுப்போனது என்று கேட்டு, அதைத் தருபவரைத் தேடிச் சேர்த்து மறுபடி தொடங்கலாம். இதற்கு முதலீடு ஒரு ரூபாய் கூட வேண்டாம், எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.